தேர்தல் கருத்துக்கணிப்பை எப்படிப் படிப்பது? தாராவியில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மக்களவைத் தேர்தல் நெருங்கினால் போதும், மும்பை தாராவியின் 90 அடி சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். "இந்த சேனல்ல இத்தனை சீட்டுங்கறான், அந்த சேனல்ல அத்தனைங்கறான். எதைத்தான் நம்புறது?" 2009, 2014 தேர்தல்களுக்கு முன்னால் படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இதே கல்லிகளில், அதாவது சந்துகளில், கதவு தட்டியவன் நான். அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. அப்புறம் எப்படி அது "மக்கள் கருத்து" ஆகும்?

2024 தேர்தலில் நாட்டில் மொத்த வாக்காளர்கள் சுமார் 96.8 கோடி. ஒரு நல்ல தேசியக் கணிப்பு 10,000 பேரைச் சந்திக்கும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேருக்கு ஒருவர். நம் வாழ்நாளில் நம் கதவு தட்டப்படாமலே போவதுதான் இயல்பு. அதை வைத்து மட்டும் கணிப்பே பொய் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டிலேயே சொல்வார்கள். கணிப்பின் அடிப்படையும் அதுதான். ஆனால் சோறு வடித்தவர்களுக்குத் தெரியும்: கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிய பிறகு எடுத்த பருக்கைதான் பதம் சொல்லும். மேலாக எடுத்தது மேல்சோற்றை மட்டுமே சொல்லும். அதோடு இந்தியா ஒரே பானையும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்திக்கு வரிசையாக அடுப்பேற்றிய பானைகள் மாதிரி. திருநெல்வேலிப் பானை வெந்ததை வைத்து லக்னோ பானையைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே எத்தனை பருக்கை எடுத்தார்கள் என்பதைவிட, எந்தெந்தப் பானையில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஆயிரம் பேர் போதுமா? லட்சம் பேரைக் கேட்டால் இன்னும் சரியாக இருக்காதா?

முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரைக் கேட்டால், கிடைக்கும் சதவீதம் மேலே 3, கீழே 3 தள்ளிப்போகலாம். 400 பேர் என்றால் 5. பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். அதனால்தான் ஓர் அளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயனில்லை. ஒரு கட்சிக்கு 40, இன்னொன்றுக்கு 37 என்று 1,000 பேர் கணிப்பில் வந்தால், யார் முந்துகிறார் என்று அந்த எண் சொல்லவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண்ணிலும் பிழை உண்டு என்பதால் இடைவெளியின் பிழை இன்னும் பெரிது. தொலைக்காட்சியில் இதைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் "முன்னிலை" என்று போடுகிறார்கள்.

லட்சம் பேர் கதைக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கியது. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். பத்திரிகையிடம் இருந்த முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களுடையவை. பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் ஏழைகள் அந்தப் பட்டியலில் இல்லை. பத்திரிகையைவிட மிகக் குறைவான ஆட்களைக் கேட்ட கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார்.

வீட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நல்ல முறை இது. முதலில் தொகுதிகளைக் குலுக்கலில் எடுப்பார்கள். பிறகு அதற்குள் வாக்குச்சாவடிகள். பிறகு அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலில் ஒரு எண்ணில் தொடங்கி, சீரான இடைவெளியில் பெயர்களை எடுப்பார்கள். டெல்லியில் உள்ள சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி பிரிவு இப்படித்தான் செய்கிறது. கேள்வி கேட்பவர் தனக்குப் பிடித்த வீட்டுக்குப் போக முடியாது. பட்டியலில் விழுந்த ஆளைத் தேடித்தான் போக வேண்டும்.

காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த முறை, கல்லிக்குள் வந்ததும் திணறும். எங்கள் பகுதிப் பட்டியல் மராத்தியில் இருக்கும். அங்கே பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். நமக்கு இருப்பதோ ஒரு இனிஷியல். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்குத் தாத்தா பெயர் குடும்பப் பெயராகவும், தம்பிக்கு "நாடார்" என்றும், அண்ணிக்குக் கணவர் பெயரே மூன்றாவதாகவும் பதிவாகியிருக்கும். ஒற்றெழுத்து விழுங்கிய பெயரை வாசித்துக்கொண்டு, "இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா?" என்று நான்கு கோலி (ஒற்றை அறை வீடு) தள்ளி நின்று கேட்டிருக்கிறேன். ஆள் அதே வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர்தான் அது என்று அவருக்கே தெரியாது.

சிலர் வீட்டை விற்றுவிட்டு, புறநகரில் டோம்பிவிலிக்கோ நாலாசோபாராவுக்கோ போயிருப்பார்கள்; பெயர் மட்டும் இங்கே இருக்கும். சிலர் இருபது வருடமாக இங்கே வாடகைக்கு இருப்பார்கள். பெயர் ஊரில் இருக்கும். பட்டியலை வைத்து இங்கே எடுக்கும் கணிப்பில் இந்த இரண்டாவது கூட்டம் வராது.

அடுத்தது நேரம். பகல் 11 மணிக்கு வந்தால் யார் கிடைப்பார்? இட்லி வியாபாரம் செய்கிறவர் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அவித்து, சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போய்விட்டு, திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருப்பார். தோல் பட்டறைக்காரர் பட்டறையில். அலுவலக உதவியாளர் நரிமன் பாயிண்ட்டில். வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் பெண்களும் மட்டுமே. ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் ராத்திரி எட்டு மணிக்கு என்று திரும்பத் திரும்பப் போனால்தான் பட்டியலில் உள்ள ஆளைப் பிடிக்க முடியும். அதற்குக் காசு வேண்டும், பொறுமை வேண்டும். கணிப்பின் தரம் பெரும்பாலும் இந்த மூன்றாவது தட்டலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

டீக்கடையிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

நடக்கிறது. நானே பார்த்தேன். 2009-இல் நான் போன நிறுவனத்தில் ஒரு நாளைக்கு 20 படிவம் முடிக்கச் சொன்னார்கள். ஒரு படிவத்துக்கு அரைமணி நேரம் ஆகும். முறையாகச் செய்தால் எட்டு, ஒன்பதைத் தாண்ட முடியாது. மூன்றாம் நாள் என் கூட வந்த பையன் சயன் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து வேகமாக டிக் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாப் படிவத்திலும் "கருத்து இல்லை" என்ற கட்டம் மட்டும் காலி. உண்மையான வீட்டில் அந்தக் கட்டம்தான் அதிகம் நிரம்பும். மேற்பார்வையாளர் படிவங்களை எண்ணி வாங்கிக்கொண்டார், புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படிவங்களும் என் படிவங்களும் ஒரே கணினிக்குள் போயிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

பொறுப்பான நிறுவனங்கள் பேட்டிகளில் ஒரு பகுதியைத் திரும்பப் போன் செய்து சரிபார்க்கும். கைக்கணினியில் இடமும் நேரமும் பதிவாகும். குரலையும் பதிவு செய்கிறவர்கள் உண்டு. ஒரு கணிப்பு வெளியானால், எத்தனை பேர், எந்தத் தேதிகளில், நேரிலா போனிலா, எந்த மொழியில், யார் செலவில் என்ற ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடலாம். 2014 பிப்ரவரியில் ஒரு செய்தி சேனல் ரகசியக் கேமராவோடு போனபோது, பணம் கொடுத்தால் எண்ணைக் கூட்டிக் குறைத்துத் தரலாம் என்று சில கணிப்பு நிறுவனங்களின் ஆட்கள் பேசியது பதிவானது. எல்லோரும் அப்படியில்லை. ஆனால் முறையை வெளியில் சொல்லாதவர்களிடம் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மக்கள் உண்மையைச் சொல்வார்களா?

யார் முன்னால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2014-இல் கும்பார்வாடா பக்கம் இரும்பு ஏணி ஏறி ஒரு மாடிக் கோலிக்குப் போனேன். பட்டியலில் இருந்தது அந்த வீட்டு மருமகள் பெயர். அவர் இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். கேள்வியை நான் முடிப்பதற்குள் கொழுந்தன் குறுக்கே வந்து, "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே ஓட்டுதான் சார், எழுதிக்கோங்க" என்றார்.

இதற்காகவே ஒரு வழி இருக்கிறது. சின்னங்கள் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டையும் ஒரு சின்னப் பெட்டியையும் கொண்டுபோவோம். வாயால் சொல்ல வேண்டாம். குறித்து, மடித்து, பெட்டியில் போட்டால் போதும். அந்த அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். என்ன குறித்தார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் கொழுந்தன் சொன்னதை நான் எழுதியிருந்தால் அது அவருடைய பதிலாக இருந்திருக்காது.

போனில் நடக்கும் கணிப்புகளில் இந்தப் பெட்டி இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரியாது. பயம் உள்ளவர்கள், சிறுபான்மையினர், வீட்டில் குரல் இல்லாத பெண்கள் ஆகியோரின் பதில் அங்கேதான் தொலைகிறது.

வாக்கு சதவீதம், சீட் எண்ணிக்கை: எதைப் பார்க்க வேண்டும்?

சதவீதத்தை. கணிப்பில் மக்களிடம் கேட்டு வாங்கியது அது மட்டும்தான். சீட் எண்ணிக்கை, அதன்மேல் நிறுவனம் போடும் கணக்கு.

தொகுதியில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார் என்பது நம் முறை. அதனால் வாக்குக்கும் இடத்துக்கும் நேரான தொடர்பே கிடையாது. 2014-இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்கில் 39-இல் 37 இடங்களை எடுத்தது. தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் 37.4 சதவீதம் வாங்கி 303 இடங்கள் பெற்ற பா.ஜ.க., 2024-இல் 36.6 சதவீதம் வாங்கியது. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இடங்களோ 240 ஆயின. ஆட்சிக்குத் தேவையான 272-க்குக் கூட்டணிக் கட்சிகள் வேண்டியிருந்தன. ஏன்? தமிழ்நாட்டில் கூடுதல் தொகுதிகளில் நின்று அதன் வாக்கு 11 சதவீதமாக ஏறியது, இடம் வரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் குறைந்தது. 62 இடங்கள் 33 ஆயின. நம் மகாராஷ்டிராவில் 23 இடங்கள் 9 ஆயின. நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஆகவே தேசிய சதவீதத்தைப் பார்த்ததும், மாநிலவாரிக் கணக்கைத் தேடுங்கள்.

மகாராஷ்டிராவில் அந்தத் தேர்தலில் இரு அணிகளும் 44 சதவீதத்தை ஒட்டிக் கிட்டத்தட்டச் சமமாக வாங்கின. இடங்கள் 48-இல் காங்கிரஸ் இருந்த மகா விகாஸ் அகாடிக்கு 30, பா.ஜ.க. இருந்த மகாயுதிக்கு 17. மும்பை வடமேற்குத் தொகுதியில் ஷிண்டே சிவசேனையின் ரவீந்திர வாய்க்கர் 4,52,644 வாக்கும், உத்தவ் தாக்கரே சிவசேனையின் அமோல் கீர்த்திகர் 4,52,596 வாக்கும் பெற்றார்கள். வித்தியாசம் 48 ஓட்டு. ஒரு சாலில், அதாவது ஒரு வரிசை வீட்டுக் கட்டடத்தில், குடியிருப்பவர்கள் எண்ணிக்கை. உலகத்தில் எந்தக் கணிப்பாலும் அந்தத் தொகுதியை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

"காற்று மாறுது" என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே நிறுவனம், ஒரே கேள்வி, ஒரே முறை, வெவ்வேறு மாதங்கள். இந்த நான்கும் பொருந்தினால்தான் அது போக்கு. ஜனவரியில் ஒரு சேனல், மார்ச்சில் வேறொரு சேனல் என்று இரண்டு எண்களை ஒட்டிக் கோடு போட்டால் கிடைப்பது நிறுவனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். சில நிறுவனங்களின் எண் எப்போதுமே ஒரு பக்கம் இரண்டு புள்ளி சாய்ந்திருக்கும். சாய்ந்த தராசானாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் எடை கூடியதா குறைந்ததா என்று அது சொல்லிவிடும்.

நான் இடங்களைவிடக் கவனித்துப் படிப்பது வேறு பகுதியை: "உங்களுக்கு முக்கியமான பிரச்சினை எது?" 2024 ஏப்ரலில் லோக்நீதி 19 மாநிலங்களில் சுமார் 10,000 பேரிடம் எடுத்த கணிப்பில் 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். வேலை கிடைப்பது கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம். அதே கணிப்பு பா.ஜ.க.வுக்கு 40 சதவீதம் வாக்கு என்றது, கிடைத்தது 36.6. அந்த இடைவெளிக்கான தடயம் அதே பக்கங்களில் இருந்தது. அன்றைக்கு எல்லோரும் தலைப்பு எண்ணை மட்டும் படித்தோம், நானும்தான்.

போக்கு நிலையாக நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். மகாராஷ்டிராவில் 2024 ஜூனில் 30 இடங்கள் எடுத்த அகாடியை, ஆறு மாதத்துக்குள் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மகாயுதியின் மூன்று கட்சிகள் 288-இல் 230 எடுத்து வீழ்த்தின.

வாக்குப்பதிவுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸிட் போல்கூடத் தவறுவது ஏன்?

ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவரிடம் கேட்பதால் "போடுவாரா, மாட்டாரா" என்ற சந்தேகம் மட்டும் தீர்கிறது. மற்ற எல்லாக் கோளாறும் அப்படியே இருக்கிறது. 2004-இல் வாஜ்பாய் அரசு திரும்பும் என்றே பெரும்பாலானோர் சொன்னார்கள்; காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138 என்று முடிந்து மன்மோகன் சிங் பிரதமரானார். 2019-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 339 முதல் 365 வரை என்று சரியாகக் கணித்த ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனம், 2024-இல் 361 முதல் 401 வரை என்றது. கிடைத்தது 293.

ஒருவர் தவறுவது வேறு. 2024-இல் பெரும்பாலும் எல்லோரும் ஒரே திசையில் தவறினார்கள். மற்றவர்களிடமிருந்து விலகித் தனியாக நிற்கப் பயந்து எண்ணைச் சரிக்கட்டும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் "பத்து பேரும் சொல்றாங்க" என்பது பத்துச் சாட்சி ஆகாது. அந்த எண்களை நம்பி ஜூன் 3-ஆம் தேதி தலால் தெருப் பங்குச் சந்தையில் சென்செக்ஸ் குறியீடு சுமார் 2,500 புள்ளிகள் ஏறி, மறுநாள் வாக்கு எண்ணிக்கையன்று 4,300-க்கு மேல் சரிந்தது. சிறு முதலீட்டாளர்கள் பலர் அந்த இரண்டு நாளில் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மும்பைத் தமிழர் ஓட்டு யாருக்கு என்று கணிப்பில் தெரியுமா?

தெரியாது. மாநிலத்தில் 1,000 பேரைச் சந்திக்கும் கணிப்பில் தமிழ் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் இருவர் மனம் மாறினால் "தமிழர்கள் மாறிவிட்டார்கள்" என்றாகிவிடும். தாராவியும் சயன் கோலிவாடாவும் செம்பூரும் உள்ள தென்மத்திய மும்பைத் தொகுதியைப் பற்றி, தமிழர் இத்தனை சதவீதம் இந்தப் பக்கம் என்று யாராவது மேடையில் சொன்னால், எத்தனை தமிழரைக் கேட்டீர்கள் என்று கேளுங்கள்.

மே மாதம் பாதிப் பேர் ஊரில் இருப்போமே, அது கணக்கில் வருமா?

சரியாக வருவதில்லை. 2024-இல் மும்பைக்கு மே 20 அன்று வாக்குப்பதிவு. பள்ளி விடுமுறை. பல மாதம் முன்னாலேயே தாதர்–திருநெல்வேலி வண்டியில் டிக்கெட் எடுத்தவர்கள் ஏப்ரலில் வீட்டுக்கு வந்து கேட்டவரிடம் "கண்டிப்பா ஓட்டுப் போடுவேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது பொய்யும் இல்லை. நாடு முழுக்க சுமார் 66 சதவீதம் பேர் வாக்களித்த தேர்தலில் மும்பை பாதியைச் சற்றே தாண்டியது. "போடுவீர்களா" என்பதோடு "அன்று இங்கே இருப்பீர்களா" என்றும் கேட்கும் கணிப்புதான் இந்த ஊருக்கு உதவும்.

கணிப்பை எப்போது வெளியிடக் கூடாது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல், 2009 திருத்தத்தால் சேர்ந்த 126ஏ பிரிவின்படி, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் எடுப்பதும் வெளியிடுவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024-இல் அந்தத் தடை ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 மாலை 6.30 வரை இருந்தது. மற்றக் கருத்துக்கணிப்புகளை ஒவ்வொரு கட்டத்திலும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சி போன்ற மின்னணு ஊடகங்களில் காட்டக் கூடாது.

வாட்ஸ்அப்பில் "பிபிசி சர்வே" என்று வருகிறதே?

பொய். இந்தியத் தேர்தல்களுக்கு முன் தாங்கள் கணிப்பு எடுப்பதில்லை என்று பிபிசி பலமுறை சொல்லிவிட்டது. அனுப்பியவர் உங்கள் மாமாவாக இருந்தாலும், "இது தப்பாம் மாமா" என்று அவருக்கே பதில் போடுங்கள்.

கேட்க வந்தால் பதில் சொல்லலாமா?

சொல்லுங்கள். நாம் கதவைச் சாத்தினால் நம் கல்லியின் குரலுக்குப் பதிலாகப் பக்கத்துக் கல்லியின் குரல் இரண்டு மடங்காகப் போகும். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் கேட்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் தமிழ் தெரிந்தவரோடு திரும்பி வரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். பட்டியலில் உங்கள் மனைவி பெயரோ அம்மா பெயரோ இருந்தால், அவரைப் பேச விட்டு நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ஆதார் எண், ஓடிபி, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டையின் போட்டோ இவை எந்தக் கருத்துக்கணிப்புக்கும் தேவையில்லை. சர்வே என்ற பெயரில் வந்து, ஜெயித்த பிறகு தரப்போகும் திட்டத்துக்கு இப்போதே பெயர் எழுதிக்கொள்கிறோம் என்று அட்டை நிரப்ப வைப்பதை நிறுத்தும்படி 2024 மே மாதம் தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு உத்தரவிட்டது. அப்படி யாராவது வந்தால் படிவத்தைக் கையில் வாங்காதீர்கள். தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற எண்ணுக்கு போன் செய்து சொல்லுங்கள்.